தளம் பார்க்க நல்லாத்தான் இருக்கிறது, நம்பலாமா?

கேள்வி | நவம்பர் 9, 2025

மாமாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று பயாப்ஸியில் வந்துவிட்டது. அடுத்த வாரம் கீமோ ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதற்குள் சொந்தக்காரர் ஒருவர் முள் சீத்தாப்பழம் பற்றி ஒரு லிங்க் அனுப்பிவிட்டார். கீமோவைவிட 10,000 மடங்கு வலிமையாம், பக்கவிளைவே கிடையாதாம். மாமா, "முதல்ல பழத்தைச் சாப்பிட்டுப் பார்ப்போம், ஊசி எங்க ஓடிடப் போகுது" என்கிறார். அந்தத் தளத்தை ஒரு மணி நேரம் அலசிவிட்டேன். எழுத்துப் பிழை இல்லை. வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் படம், கீழே ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரைப் பட்டியல், முகவரி டாட் ஆர்க் என்று முடிகிறது, பூட்டுச் சின்னமும் இருக்கிறது. பொய் என்றால் எதைக் காட்டி மாமாவிடம் சொல்வது?

நவம்பர் 9, இரவு

கீமோ தேதியைத் தள்ளிப்போட வேண்டாம். இதை மாமாவிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். பழமோ கஷாயமோ பொடியோ, எது சாப்பிட்டாலும் புற்றுநோய் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். திட்டினால் திட்டட்டும்.

இப்போது தளம். ஒரு மணி நேரம் அலசினேன் என்கிறீர்கள், அத்தனை நேரமும் அந்தத் தளத்துக்குள்ளேயே இருந்திருக்கிறீர்கள். டாக்டர் படம், பட்டியல், டாட் ஆர்க் எல்லாம் உங்களை நம்பவைக்க வேண்டியவர் வாங்கி வைத்தவை. மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளை வீட்டு ஹாலில் உட்கார்ந்து விசாரிப்போமா? தெருமுனை டீக்கடையில்தானே கேட்போம். வெளியே வாருங்கள். தளத்தின் பெயர், அந்த டாக்டரின் பெயர், அந்த 10,000 என்கிற எண், மூன்றையும் தனித்தனியாக வேறு ஜன்னலில் தேடுங்கள்.

தாலுகா ஆபீஸ் எதிரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பட்டா, சாதிச் சான்று, பாஸ்போர்ட், ரிசல்ட் சீசனில் மார்க் ஷீட். ஊரில் ஓடுகிற ஃபார்வர்டு எல்லாம் எப்படியும் என் பிரிண்டர் வழியாகத்தான் போகும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், வேறு தகுதி எதுவும் இல்லை.

நவம்பர் 10

நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். நீளமாக இருக்கிறதே தவிர, 10,000 என்ற எண்ணுக்கு உரிய கட்டுரை ஒன்றே ஒன்றுதான். 1996-ல் வந்தது, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்திலிருந்து. உண்மையான கட்டுரை, உண்மையான பல்கலைக்கழகம். அதனால்தான் உங்களால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆனால் கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு சொல் இருக்கிறது: விதைகள். அவர்கள் சோதித்தது முள் சீத்தாவின் விதையிலிருந்து பிரித்தெடுத்த சேர்மங்களை. நாம் சாப்பிடுவது சதை. அப்புறம், அந்தச் சேர்மங்களைக் கொடுத்தது நோயாளிக்கு இல்லை, எலிக்குக்கூட இல்லை. ஆய்வகத்தில் தட்டில் வளர்த்த செல்களுக்கு. அதிலும் பல வகைச் செல்களில் பார்த்திருக்கிறார்கள், ஒரே ஒரு சேர்மம், ஒரே ஒரு வகைச் செல்லில்தான் அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தைவிட 10,000 மடங்கு வீரியம் காட்டியது. வீரியம் என்றால் குறைந்த அளவிலேயே செல்லைக் கொன்றது என்று பொருள். 10,000 மடங்கு அதிகமாகக் குணமாக்கியது என்று யாரும் எழுதவில்லை. தட்டில் உள்ள செல்லைக் கொல்வதற்கு பினாயிலே போதும். கேள்வி, பக்கத்தில் இருக்கிற நல்ல செல்லைக் கொல்லாமல், வயிற்றின் வழியாகப் போய், ரத்தத்தில் கலந்து, கட்டியை மட்டும் போய்ச் சேருமா என்பது. அதற்கு அந்தக் கட்டுரையில் பதிலே கிடையாது, அவர்கள் அதைத் தேடவும் இல்லை.

இன்னொரு கொடுமை, அந்த ஒரு வகைச் செல் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்தான். மாமாவுக்குத் தனக்கென்றே எழுதியது போல இருந்திருக்கும்.

"பக்கவிளைவே கிடையாது" என்ற வரிக்கு அந்தப் பட்டியலில் ஆதாரம் எதுவும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. கரீபியக் கடலில் குவாடலூப் என்று ஒரு பிரெஞ்சுத் தீவு. அங்கே முள் சீத்தாப் பழமும் இலைக் கஷாயமும் அன்றாடப் பழக்கம். வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத ஒருவகை பார்க்கின்சன் போன்ற நடுக்க நோய் அங்கே அளவுக்கு மீறி இருப்பதைக் கவனித்து, இந்தப் பழத்தோடு தொடர்பு இருக்கலாம் என்று 1999-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். அதில் உள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்புச் செல்லுக்கு நஞ்சு என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். பழம்தான் காரணம் என்று தீர்ப்பு எழுதிவிடவில்லை. ஆசைக்கு ஒரு பழம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. தினமும் லிட்டர் கணக்கில் கஷாயம் என்பது வேறு விஷயம்.

நவம்பர் 10, கடை மூடியபிறகு

அந்தப் பக்கத்தின் நடுவில் ஒரு பத்தி இருக்கிறதே, "உலகின் மிகப்பெரிய மருந்து நிறுவனங்களில் ஒன்று 1970 முதல் 20க்கும் மேற்பட்ட சோதனைகள் நடத்தி, இயற்கைப் பொருளுக்குக் காப்புரிமை வாங்க முடியாது என்பதால் மூடி மறைத்துவிட்டது" என்று. ஆங்கிலத்தில் ரொம்ப வருடமாகச் சுற்றுகிற வாசகத்தின் தமிழ் வடிவம் இது. எந்த மொழியில் வந்தாலும் அந்த நிறுவனத்துக்குப் பெயர் வராது. குற்றம் சாட்டுகிறவர் ஆளின் பெயரைச் சொல்லாவிட்டால் எனக்கு அங்கேயே பாதி போய்விடும்.

மறைத்துவிட்டார்கள் என்பதும் நிற்காது. நம் தென்மாவட்டக் கரிசலில் நித்யகல்யாணி பயிரிடுகிறார்கள் தெரியுமா? சுடுகாட்டு மல்லி என்பார்களே, அதேதான். எதற்கு? அதிலிருந்து வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் எடுக்க. இரண்டும் கீமோ மருந்துகள். வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்காவில் 1963-லேயே அனுமதி கிடைத்துவிட்டது, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் இன்றும் கொடுக்கிறார்கள். பாக்லிடாக்செல் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. அந்த 10,000 கணக்கில் தோற்றுப்போனதாகச் சொல்லும் அட்ரியாமைசினே மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து எடுத்ததுதான். செடியில் மருந்து கிடைத்தால் நிறுவனங்கள் ஒளித்து வைக்காது, பிழிந்து, பாட்டிலில் அடைத்து, விலை போட்டு விற்கும். விலையைப் பற்றி வேண்டுமானால் திட்டுவோம், நானும் வருகிறேன்.

நவம்பர் 12

ஒரு நண்பர் கீழே கேட்டிருந்தார்: "டாட் ஆர்க் என்றால் சேவை அமைப்பு, டாட் காம் என்றால் வியாபாரம் என்று காலேஜில் சொல்லிக் கொடுத்தார்களே?" சொல்லியிருப்பார்கள். டாட் ஆர்க் யார் வேண்டுமானாலும் காசு கட்டி வாங்கலாம், நான் இன்று ராத்திரி வாங்கலாம். 1999-ல் அமெரிக்காவில் வெள்ளை இனவெறி அமைப்பு நடத்திய டான் பிளாக், மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரிலேயே ஒரு டாட் ஆர்க் தளம் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகள் கட்டுரை எழுதத் தேடினால் கூகுளில் மேலே வந்து நிற்கும், உள்ளே போனால் கிங்கைப் பற்றிய அவதூறு. பல வருடம் அப்படியே ஓடியது.

பூட்டுச் சின்னம்: உங்கள் கணினிக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். எதிர்முனையில் இருப்பவர் திருடனாக இருந்தால் திருடனோடு பத்திரமாகப் பேசுகிறீர்கள். அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, மோசடித் தளங்களில் பெரும்பாலானவற்றிலும் இப்போது பூட்டு உண்டு. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் 2023 செப்டம்பரில் குரோம் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது.

நவம்பர் 13

பாஸ்போர்ட் கதை ஒன்று. ஒரு பையன், வளைகுடாவில் வேலை கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக வந்தான். "அண்ணே, அப்ளை பண்ணிட்டேன், அப்பாயின்ட்மென்ட் ரசீது மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுங்க." மொபைலை வாங்கிப் பார்த்தேன். அசோகச் சக்கரம், மூவர்ணக் கோடு, மேலே ஓடுகிற எழுத்தில் அறிவிப்பு, எல்லாம் பார்த்தால் அரசுத் தளமேதான். மூவாயிரத்துக்கு மேல் கட்டியிருக்கிறான். சாதாரண 36 பக்க பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். ரசீதில் கோப்பு எண் இல்லை, "எங்கள் பிரதிநிதி தொடர்புகொள்வார்" என்று இருந்தது. பக்கத்தை அடிவரை இழுத்துக்கொண்டே போனால் கடைசியில், சாம்பல் பின்னணியில் அதைவிடக் கொஞ்சம் அழுத்தமான சாம்பலில், "நாங்கள் ஒரு தனியார் ஆலோசனை நிறுவனம்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் படித்தேன்.

எப்படிப் போனாய் என்றால் கூகுளில் தேடினானாம், முதலில் வந்ததைத் தட்டினானாம். முதலில் வந்தது விளம்பரம். மேலே சின்னதாக "ஸ்பான்சர்டு" என்று போட்டிருக்கும், யார் பார்க்கிறார்கள்? வெளியுறவு அமைச்சகமே உண்மையான பாஸ்போர்ட் தளத்தில் போலித் தளங்களின் பெயரைப் பட்டியல் போட்டு எச்சரித்திருக்கிறது. சிக்கல், போலிக்குப் போகிறவன் அந்த எச்சரிக்கை இருக்கும் இடத்துக்கே வருவதில்லை.

உடனே 1930-க்கு, அதாவது இணையப் பண மோசடிப் புகார் எண்ணுக்கு, கூப்பிடச் சொன்னேன். பணம் போனதும் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. அவன் கட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது.

கஸ்டமர் கேர் எண் தேடுகிறவர்களுக்கும் இதே கதிதான். எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். வங்கியென்றால் ஏடிஎம் கார்டின் பின்பக்கம் பாருங்கள், கேஸ் என்றால் சிலிண்டர் புத்தகத்தில் இருக்கும்.

நவம்பர் 14

"அப்போ டாட் கவ் டாட் இன் என்று முடிந்தால் மட்டும் நம்பு, கதை முடிந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவ்வளவு சுலபமாக முடியாது. அந்த வால் அரசுக்கு மட்டும்தான் கிடைக்கும், அது சரி. ஆனால் அந்த வால் இல்லாததெல்லாம் போலி என்று எடுத்துக்கொண்டால் ரயில் டிக்கெட் எடுக்க முடியாது. ஐஆர்சிடிசி முடிவது டாட் கோ டாட் இன். நம் மின்கட்டணம் கட்டுகிற தளம் பல வருடம் டாட் ஆர்க்கில்தான் இருந்தது. அரசே இப்படிக் குழப்பி வைத்துவிட்டு ஜனங்களைப் பார்த்து உஷாராக இரு என்றால் எப்படி? "இன்று இரவு 9.30-க்கு உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று செல்போன் எண்ணோடு எஸ்எம்எஸ் வந்தபோது எத்தனை பேர் பதறிக்கொண்டு கடைக்கு ஓடிவந்தார்கள். மின்வாரியம் அப்படி ராத்திரியில் ஃபியூஸ் பிடுங்காது என்று விளக்கிச் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது.

வங்கிகளுக்கு மட்டும் இப்போது ஒரு வழி பண்ணியிருக்கிறார்கள். எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன் என்ற முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஏப்ரலில் உத்தரவு போட்டது. வங்கி அல்லாதவருக்கு அந்த வால் கிடைக்காது. இதை மட்டும் வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

நவம்பர் 14, பின்குறிப்பு

வால் என்றால் எங்கே இருக்கும் என்று கேட்கிறார்கள். முகவரியில் எச்டிடிபிஎஸ்-ஐ அடுத்து வரும் இரட்டைச் சாய்கோட்டை (//) விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டை (/) பிடியுங்கள். அதற்கு இடப்பக்கம் ஒட்டி நிற்பதுதான் வால், அங்கிருந்து வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். "பாஸ்போர்ட் டாட் கவ் டாட் இன் டாட் ஏதோஒன்று டாட் ஷாப்" என்று இருந்தால் அதன் சொந்தக்காரர் ஏதோஒன்று டாட் ஷாப். முன்னால் உள்ள "கவ்", "இன்" இரண்டும் அவராக எழுதிக்கொண்டவை. 2016 அமெரிக்கத் தேர்தல் நேரத்தில் ஏபிசி நியூஸ் பெயரோடு டாட் காம் டாட் கோ என்று முடிகிற பொய்ச்செய்தித் தளம் ஒன்று சக்கைப்போடு போட்டது. கடைசியில் ஒட்டியிருந்த அந்த "கோ"வை யாரும் பார்க்கவில்லை.

நவம்பர் 15

விளையாட்டாக ஒன்று. 2017-ல் ஒரு ஆராய்ச்சியாளர் ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியை ரஷ்ய எழுத்துக்களால் எழுதிக் காட்டினார். கண்ணுக்கு அச்சு அசல் ஆங்கிலம், கணினிக்கு வேறு முகவரி. பிறகு குரோமில் அதைச் சரி செய்தார்கள். தமிழில் டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று வால்கள் வந்துவிட்டன, நம் மொழியில் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். நம்மிடம் சரக்கு தாராளமாக இருக்கிறது. தமிழ் எண் ஒன்று "௧", எழுத்து "க". ஏழு "௭", எழுத்து "எ". எட்டு "௮", எழுத்து "அ". துணைக்காலும் ரகரமும் சின்னத் திரையில் அண்ணன் தம்பி. மோசடிக்காரர்கள் இன்னும் தமிழ் எண் படிக்காததால் பிழைத்தோம்.

எண்ணை விடுங்கள், ஔவையாரையே பாதிப் பேர் ஒகரமும் ளகரமும் போட்டு "ஒளவையார்" என்று தட்டியிருக்கிறார்கள். ஒன்றைத் தேடினால் இன்னொன்று சிக்குவதில்லை. தேடிக் கிடைக்கவில்லை என்பதால் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 18

தளத்தை விட்டு வெளியே போ என்று நான் முதல் நாள் சொன்னது என் கண்டுபிடிப்பு கிடையாது, ஆள் கேட்டதால் சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். வரலாற்று முனைவர்கள் 10 பேர், செய்திச் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் 25 பேர். குழந்தை மருத்துவர்களின் இரண்டு அமைப்புகளின் தளங்களைக் காட்டி எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930-ல் தொடங்கியது, அறுபதாயிரத்துக்கும் மேல் உறுப்பினர்கள். இன்னொன்று, ஒருபாலினத் தம்பதியர் குழந்தை வளர்ப்பதை எதிர்த்து 2002-ல் பிரிந்துபோனவர்கள் ஆரம்பித்தது, சில நூறு பேர். பெயரும் தளமும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி.

மாணவர்களும், பெரிய படிப்புப் படித்த வரலாற்றாசிரியர்கள் பலரும், தளத்தை மேலிருந்து கீழே ஒழுங்காகப் படித்தார்கள். தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் வந்த வேகத்தில் வெளியே போய் அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நாலு ஜன்னல் திறந்தார்கள், சில நிமிடத்தில் ஆளை எடை போட்டுவிட்டார்கள். ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள் என்பது எனக்குப் பிடித்த இடம். பள்ளிக்கூடத்தில் கொடுத்ததை முழுசாகப் படி என்றுதானே அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள்!

நவம்பர் 19

நேற்று எழுதிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் இந்த வைத்தியம் ஆங்கிலத்தில் வேலை செய்கிற அளவு தமிழில் வேலை செய்யாது. வெளியே போ என்கிறேன், வெளியே போனால் என்ன இருக்கிறது? முள் சீத்தாவைத் தமிழில் தேடிப் பாருங்கள். முதல் பக்கம் பூராவும் அதே பத்தி, அதே வரிசை. ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்து ஒட்டியிருக்கிறார். பத்துப் பேர் சொல்வது போலத் தெரியும், ஒரே வாய்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: அந்தப் பக்கத்திலிருந்து நீளமான ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்து இரட்டை மேற்கோள் போட்டுத் தேடுங்கள். சொல் மாறாமல் வரிசையாக வந்து விழுந்தால் அத்தனையும் ஒரே சாட்சி என்று கணக்கு வையுங்கள். ஆங்கிலத்திலும் இது நடக்கும். 2008-ல் ஒருவர் கோவாட்டி என்ற விலங்குக்கு "பிரேசில் ஆர்ட்வார்க்" என்று ஒரு பெயரும் உண்டு என்று விக்கிப்பீடியாவில் சும்மா சேர்த்துவிட்டார். அதைப் பார்த்து நாளிதழ்கள் எழுதின, புத்தகத்திலும் வந்தது, பிறகு அவையே விக்கிப்பீடியாவுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டன. 2014-ல்தான் கதை வெளியே வந்தது.

ஆகவே மருத்துவம் என்றால் தமிழில் மட்டும் தேடி நிறுத்தாதீர்கள். தாவரத்தின் அறிவியல் பெயரைப் போட்டு ஆங்கிலத்தில் ஒருமுறை பாருங்கள். முள் சீத்தாவுக்கு அனோனா முரிகாட்டா. ஆங்கிலம் வராவிட்டால் வருகிற பிள்ளையை உட்காரவைத்துப் பாருங்கள், கடையில் நான் அதைத்தான் செய்கிறேன்.

நவம்பர் 22

இழை எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. மெக்காலே பேசியதாக ஒரு போஸ்டரை ஒருவர் ஒட்டியிருக்கிறார்: இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் பயணம் செய்தேன், ஒரு பிச்சைக்காரனையும் திருடனையும் பார்க்கவில்லை, இவர்கள் முதுகெலும்பை உடைக்கக் கல்வியை மாற்ற வேண்டும், பிரிட்டிஷ் நாடாளுமன்றம், 2 பிப்ரவரி 1835.

தேதியைப் பிடித்தால் போதும். மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கினார். அங்கிருந்து ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரல் பென்டிங்கைப் பார்த்தார், பிறகு கல்கத்தா. 1838 வரை இந்தியாவில்தான். அந்தத் தேதியில் லண்டனில் பேசியிருக்கவே முடியாது. ஆனால் அந்தத் தேதி சும்மா வரவில்லை. 1835 பிப்ரவரி 2 அன்றுதான் அவர் கல்கத்தாவில் தன் புகழ்பெற்ற கல்விக் குறிப்பை எழுதினார். அதில் முதுகெலும்பும் இல்லை, பிச்சைக்காரனும் இல்லை. ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரு அலமாரித் தட்டு, இந்தியா அரேபியா இரண்டின் மொத்த இலக்கியத்துக்கும் ஈடாகும் என்று எழுதியிருக்கிறார். நிஜமாகவே எழுதியதே இவ்வளவு வாங்கிக்கட்டுகிற மாதிரி இருக்கும்போது, மனுஷனுக்கு எதற்குப் புதிதாக ஒரு வசனம்?

முள் சீத்தாவுக்கும் இதற்கும் ஒரே தையல். உண்மையான ஒரு கட்டுரை, உண்மையான ஒரு தேதி, அதன் மேல் புனைவு. முழுப் பொய்யைப் பிடிப்பது சுலபம். திருநள்ளாறு மேலே பறக்கும் செயற்கைக்கோள் மூன்று நொடி நின்றுவிட்டுப் போகிறது என்று சனிப்பெயர்ச்சிக்குச் சனிப்பெயர்ச்சி வருகிறதே, அது அந்த ரகம். தாழ்வட்டப் பாதையில் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது நின்றால் விழும். ஒரு வரியில் முடிந்தது. (கோயிலுக்கு நானும் போவேன். சனீஸ்வரனுக்கு நாசா சிபாரிசு தேவையில்லை.)

நவம்பர் 23

தீபாவளி இரவில் நாசா எடுத்தது என்று வண்ண விளக்குகளோடு சுற்றுகிற இந்தியா படமும் அரை உண்மை ரகம்தானே என்று ஒருவர் கேட்டது சரி. செயற்கைக்கோள் தரவு உண்மை. ஆனால் அதைத் தயாரித்தது நோவா என்ற இன்னொரு அமெரிக்க அமைப்பின் விஞ்ஞானி, 2003-ல். ஒரே இரவு அல்ல. 1992-க்கு முன்பே தெரிந்த ஊர் விளக்குகள் வெள்ளை, 1992-ல் வந்தவை நீலம், 1998 பச்சை, 2003 சிவப்பு. ஊர்கள் பெருகியதைக் காட்டும் படம். நாசாவே 2012-ல் விளக்கம் சொல்லி, உண்மையான தீபாவளி இரவுப் படத்தையும் போட்டது. அதில் தீபாவளி தனியாகத் தெரியவே இல்லை. அதனால் யாரும் அதை ஃபார்வர்டு பண்ணவில்லை.

டிசம்பர் 2

"ஃபேக்ட் செக் செய்கிறவனை யார் ஃபேக்ட் செக் செய்வது?" காரசாரமாகக் கேட்டிருக்கிறார், கேட்க வேண்டிய கேள்விதான். மத்திய அரசுக்குப் பிஐபி ஃபேக்ட் செக் இருக்கிறது, தமிழ்நாடு அரசு 2023-ல் தனியாக ஒரு பிரிவு தொடங்கியது, யூடர்ன் போன்றவை வெளியே இருக்கின்றன. அரசு தன்னைப் பற்றிய செய்தியைத் தானே பொய் என்று முத்திரை குத்தி நீக்கச் சொல்வது பிரச்சினைதான். மத்திய அரசு அதற்காகக் கொண்டுவந்த விதியை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது.

நான் பார்க்கிறது ஒன்றுதான்: சிவப்பில் "பொய்" என்று முத்திரை மட்டும் குத்தியிருக்கிறார்களா, இல்லை அசல் ஆவணத்தை, முழு வீடியோவை, பழைய படத்தைக் காட்டியிருக்கிறார்களா. காட்டியிருந்தால் யார் காட்டினாலும் நானே போய்ப் பார்த்துக்கொள்வேன். முத்திரை மட்டும் என்றால் அதுவும் இன்னொரு ஃபார்வர்டு.

டிவி சேனல் லோகோ போட்ட நியூஸ் கார்டுக்கும் இதே மாதிரிதான். கார்டில் தேதி இருக்கும். அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அந்தத் தேதிக்கு இறங்குங்கள். அங்கே இல்லை என்றால் விசாரிக்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். எழுத்துரு வேறுபடுகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற வேலையெல்லாம் இப்போது உதவாது, போலி செய்கிறவர்களும் நல்ல எழுத்துரு வாங்கிவிட்டார்கள்.

டிசம்பர் 5

"இவ்வளவு எதற்கு, ஏஐ-யிடம் கேட்டால் சொல்லிவிடுமே." கேளுங்கள். ஆனால் எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டு, அது காட்டுகிற இடம் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். 2023-ல் நியூயார்க்கில் வக்கீல்கள் இரண்டு பேர் சாட்ஜிபிடி சொன்ன தீர்ப்புகளை அப்படியே கோர்ட்டில் தாக்கல் செய்தார்கள். அப்படித் தீர்ப்புகளே கிடையாது. 5,000 டாலர் அபராதம். 2024-ல் கூகுளின் ஏஐ, பீட்சாவில் சீஸ் வழுக்காமல் இருக்கப் பசை சேர்க்கச் சொன்னது. யாரோ எப்போதோ ரெடிட்டில் அடித்த ஜோக்கை அது நிஜம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. இந்த இழையை என்றாவது படித்துவிட்டு, செல்லைக் கொல்ல பினாயில் குடிக்கச் சொல்லாமல் இருந்தால் சரி.

டிசம்பர் 14

மாமாவுக்கு முதல் கீமோ முடிந்தது என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நல்லது. பழமும் வாங்கி வைத்திருக்கிறாராம், டாக்டரிடம் கேட்டாராம், "பழம் கொஞ்சம் சாப்பிடுங்க, பொடியும் கஷாயமும் வேண்டாம்" என்றாராம். நான் இங்கே கிலோமீட்டர் கணக்கில் எழுதியதை அவர் அரை வரியில் முடித்துவிட்டார்.

மாமாவை மாற்றியது என் 1996 கட்டுரை விளக்கம் இல்லையாம், நித்யகல்யாணியாம். "நம்ம ஊர்ச் செடிதானா ஊசியில இருக்கு" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினாராம். அவருக்குக் கொடுப்பது அந்த மருந்தே இல்லையாக இருக்கலாம், பெருங்குடலுக்குப் பொதுவாக வேறு மருந்துகள்தான். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நல்ல காரியத்துக்காக என்றாலும் அரை உண்மை அரை உண்மைதான், பிறகு அவரே அதை குரூப்பில் போட்டுவிடுவார்.

லிங்க் அனுப்பிய சொந்தக்காரரிடம் சண்டை போட வேண்டாம். அவர் அக்கறையில்தான் அனுப்பியிருக்கிறார். குரூப்பில் எல்லார் முன்னாலும் திருத்தினால் அடுத்த லிங்க்கை உங்களுக்குத் தெரியாமல் மாமாவுக்கு நேரே அனுப்புவார். தனியாகப் போன் போட்டு, டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லுங்கள்.

டிசம்பர் 16

மாணவர்களுக்கு இலவச லேப்டாப் என்று ஒரு லிங்க்கை மூன்று பேர் அனுப்பிக் கேட்டிருக்கிறீர்கள். வால் அரசுடையது அல்ல. ஆதார் எண்ணும் ஓடிபியும் கேட்கிறது, கடைசிப் பக்கத்தில் இதைப் பத்து குரூப்புக்கு அனுப்பினால்தான் விண்ணப்பம் ஏற்கப்படும் என்கிறது. எந்த அரசு அலுவலகமும் விண்ணப்பத்தை வாட்ஸ்அப்பில் பரப்பச் சொல்லாது. நிரப்பாதீர்கள். ஏற்கெனவே ஓடிபி கொடுத்துவிட்டவர் யாராவது இருந்தால், இப்போதே வங்கிக்குச் சொல்லிவிட்டு, ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். தெரியாவிட்டால் போனோடு கடைக்கு வாருங்கள். காலையில் ரேஷன் கார்டு கூட்டமாக இருக்கும், மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் உட்கார்ந்து பார்க்கலாம்.